பணிவிடையும் ஊழியமும்

எங்கள் பக்கத்துச் சபைகளில் 'அவர் ஊழியம் செய்கிறார்' என்றால், ஓர் ஆண் பிரசங்கம் செய்கிறார் என்று பொருள். 'அவர் ஊழியத்துக்கு ஒத்தாசையாக இருக்கிறார்' என்றால், அந்த ஆணின் மனைவி வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுக்கிறார் என்று பொருள். இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. ஓய்வுநாள் பள்ளிக்குப் போகும் ஆறு வயதுக் குழந்தைக்குக்கூட இது தெரியும்.

கிறிஸ்துவின் சீடராக வாழ்வது என்பது பிறருக்குத் தொண்டு செய்து வாழ்வது. இதில் எனக்கு மறுப்பில்லை. சுவிசேஷங்களை எந்தப் பக்கம் புரட்டினாலும் அதுதான் இருக்கிறது. ஆனால் அந்த அழைப்பு, கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் அடுக்களையில் நிற்பவளுக்கும் ஒரே பொருளில் போய்ச் சேருமா? நடக்கப் பழகிய நாளிலிருந்து பிறருக்குச் செய்வதற்கே பழக்கப்பட்ட ஒருத்தியிடம் 'பிறருக்குச் செய், அதுவே சீடத்துவம்' என்று சொன்னால், அவளிடம் புதிதாக என்ன கேட்கப்படுகிறது? புதிதாக ஒன்றும் கேட்கப்படவில்லை என்றால், அவள் ஏற்கெனவே சீடத்தி ஆகிவிட்டாளா? அல்லது அவளுக்குச் சீடத்துவமே தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டோமா?

தமிழ் கற்பிக்கிறவள் என்பதால் சொற்களிலிருந்தே தொடங்குகிறேன். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கத்தில் 'டியாகொனியா' என்றொரு சொல் இருக்கிறது. பந்தியில் பரிமாறுவது, ஏவல் செய்வது, ஒரு பொறுப்பை ஏற்று நடத்துவது எல்லாமே அந்தச் சொல்லுக்குள் அடக்கம். மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் பேதுருவின் மாமி காய்ச்சலாய்க் கிடக்கிறாள். இயேசு அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். அவள் எழுந்து வந்தவர்களைக் கவனிக்கிறாள். அங்கே வருவது இந்தச் சொல்லின் வினைவடிவம். சில வசனங்களுக்கு முன்னால், வனாந்தரத்தில் தேவதூதர்கள் இயேசுவுக்குச் செய்ததற்கும் அதே வினைதான். பத்தாம் அதிகாரத்தில், தாம் எதற்காக வந்தேன் என்று இயேசு தம்மைப் பற்றியே சொல்லும் இடத்திலும் அதே வினைதான். மாமி செய்ததும் மனுஷகுமாரன் செய்யவந்ததும் மாற்குவுக்கு ஒரே காரியம்.

புராட்டஸ்டண்ட் வீடுகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பைத் திறந்து பாருங்கள். மாமி செய்தது 'பணிவிடை'. இயேசு செய்தது 'ஊழியம்'. லூக்கா பத்தாம் அதிகாரத்தில் மார்த்தாள் அடுக்களையில் ஒற்றை ஆளாகத் திண்டாடுகிறாள். கிரேக்கத்தில் அதுவும் டியாகொனியா. தமிழில் அது வெறும் 'வேலை'. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் விதவைகளுக்குச் சாப்பாடு சரியாகப் போகவில்லை என்று முறையீடு எழுகிறது. போதிப்பதை விட்டுவிட்டுப் பந்தியைக் கவனிக்க முடியாது என்கிறார்கள் அப்போஸ்தலர்கள். அதற்கென்று ஏழு ஆண்களைத் தெரிந்தெடுக்கிறார்கள். போதிப்பதற்கும் பந்திக்கும் கிரேக்கத்தில் ஒரே சொல்தான். தமிழில் போதிப்பது 'ஊழியம்', பந்தியைக் கவனிப்பது 'பந்தி விசாரணை'. அதாவது, சோறு பரிமாறுவதை ஒரு பெண் செய்தால் வேலை. அதையே ஏழு ஆண்கள் செய்தால் விசாரணை. பின்னாளில் அந்த ஏழு பேரிலிருந்துதான் திருச்சபையில் ஒரு பதவியே பிறந்ததாகச் சொல்லிக்கொள்கிறோம். மார்த்தாளிலிருந்து எந்தப் பதவியும் பிறக்கவில்லை.

மொழிபெயர்த்தவர்கள் கூடிப் பேசிச் செய்த சதி என்று இதைச் சொல்லமாட்டேன். தங்கள் சொத்தைக் கொண்டு இயேசுவையும் சீடர்களையும் தாங்கிய பெண்களைப் பற்றி லூக்கா எட்டாம் அதிகாரம் பேசும்போது அதே மொழிபெயர்ப்பு தயங்காமல் 'ஊழியம்' என்கிறது. கெங்கிரேயா சபையின் பெபேயாளை 'ஊழியக்காரி' என்கிறது. அப்படியானால் பெண் என்பதற்காக மட்டும் சொல் மாறவில்லை. பெண் பணம் கொடுத்தால் அது ஊழியம். பெண் அடுப்பு மூட்டினால் அது வேலை. மொழிபெயர்த்தவர்கள் காதில் எது இயல்பாக ஒலித்ததோ அதை எழுதியிருக்கிறார்கள். நம் காதிலும் அது இயல்பாகவே ஒலிக்கிறது என்பதுதான் சிக்கல்.

அடுத்து, கால் கழுவிய கதை. சீடத்துவம் பற்றிய எந்தப் பிரசங்கமும் யோவான் பதின்மூன்றாம் அதிகாரத்தைத் தொடாமல் முடிவதில்லை. குருவானவர் மேலங்கியைக் கழற்றிவைத்து, இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு, சீடர்களின் காலைக் கழுவித் துடைக்கிறார். என்ன தாழ்மை என்று உருகுகிறோம். கால் கழுவுவது அதற்கு முன் யாருடைய வேலையாக இருந்தது என்று கேட்பதில்லை. சாமுவேலின் முதல் புத்தகத்தில் அபிகாயில் என்ற பணக்கார விதவை, தாவீது பெண் கேட்டு ஆள் அனுப்பும்போது, தாவீதின் வேலைக்காரர்களுடைய காலைக் கழுவவும் தான் தயார் என்கிறாள். லூக்கா ஏழாம் அதிகாரத்தில் ஊரார் பாவி என்று ஒதுக்கிய ஒருத்தி, கண்ணீரால் இயேசுவின் காலை நனைத்துக் கூந்தலால் துடைக்கிறாள். கால் கழுவும் அதிகாரத்துக்கு முந்தின அதிகாரத்தில், யோவான் பன்னிரண்டில், பெத்தானியாவின் மரியாள் இயேசுவின் பாதத்தில் தைலம் பூசிக் கூந்தலால் துடைக்கிறாள். அவள் துடைத்ததற்கும் அடுத்த அதிகாரத்தில் அவர் துடைத்ததற்கும் யோவான் எழுதியிருப்பது ஒரே வினைச்சொல்.

சில நாட்களுக்கு முன்பு தமக்கு ஒரு பெண் செய்ததைத்தான் இயேசு எழுந்து சீடர்களுக்குச் செய்கிறார். அதை அவர் மரியாளிடமிருந்து கற்றார் என்று நான் வாசிக்கிறேன். அப்படி வாசித்தால் கதையின் கனம் இடம் மாறிவிடுகிறது. கால் கழுவுதல் புதிய செயல் அல்ல. அடிமைகளும் பெண்களும் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தது. செய்தவர் யார் என்பதுதான் புதிது. செய்யத் தேவையில்லாதவர், செய்யாவிட்டாலும் யாரும் கேட்காத இடத்தில் இருந்தவர், செய்தார். 'நீங்களும் இப்படிச் செய்யுங்கள்' என்ற கட்டளை அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்கு, அதாவது இதுவரை யார் காலையும் கழுவியிராதவர்களுக்குச் சொல்லப்பட்டது. அந்தக் கட்டளையை அப்படியே எடுத்து ஏற்கெனவே கழுவிக்கொண்டிருப்பவளின் தலையில் வைத்தால், கட்டளையின் அர்த்தமே தலைகீழாகிவிடும். கூடத்தில் இருப்பவரை எழுப்புவதற்காகச் சொன்ன வார்த்தை, அடுக்களையில் இருப்பவளை அங்கேயே நிறுத்திவைக்கும் வார்த்தையாகிவிடும்.

கத்தோலிக்க ஆலயங்களில் பெரிய வியாழன் அன்று பன்னிரண்டு பேரின் காலைக் குருவானவர் கழுவும் சடங்கு உண்டு. வழிபாட்டு விதியின்படி அந்தப் பன்னிரண்டு பேரும் ஆண்களாகவே இருக்கவேண்டியிருந்தது. 2013-இல் திருத்தந்தை பிரான்சிஸ் ரோமில் இளம் குற்றவாளிகளுக்கான சிறைக்குப் போய்க் கால் கழுவியபோது அவர்களில் இரண்டு பேர் பெண்கள். அதற்கே பெரும் சலசலப்பு எழுந்தது. பெண்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதியை மாற்றிய ஆணை 2016 ஜனவரியில்தான் வந்தது. கழுவும் கைகள் பெண்ணுடையதாக இருந்த கதையில், கழுவப்படும் காலாகக்கூடப் பெண்ணுக்கு இடம் கிடைக்க அத்தனை காலம் ஆயிற்று.

1960-இல் வேலரி செய்விங் என்ற அமெரிக்கப் பெண் இறையியலாளர் எழுதிய ஒரு கட்டுரை இந்த இடத்தில் உதவும். பாவம் என்றால் அகந்தை, மீட்பு என்றால் தன்னை மறந்து தன்னைக் கொடுப்பது என்று பெரிய இறையியலாளர்கள் எழுதியது ஆண்களின் அனுபவத்தை வைத்து என்றார் அவர். பெண்ணுக்கு வரும் ஆபத்து அகந்தை அல்ல. தனக்கென்று ஒரு மையமே இல்லாமல் பிறருடைய தேவைகளுக்குள் சிதறிப்போவதுதான் என்றார். அகந்தை நோய்க்குக் கொடுக்கும் மருந்தை, தன்னையே தொலைத்துவிட்டவளுக்குக் கொடுத்தால் நோய் முற்றும். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் சபையின் பல அக்காமார் முகங்கள் நினைவுக்கு வந்தன.

அவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஓய்வுநாள் பள்ளியில் பல வருடம் பிள்ளைகளுக்குக் கதை சொன்னவர். கணவர் அடிப்பார். கன்னத்து வீக்கத்தோடு ஞாயிற்றுக்கிழமை வந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தாவீது கோலியாத்தை வென்ற கதையைச் சொல்வார். ஜெபக்கூட்டத்தில் மனம் விட்டு அழுதபோது மூத்தவர்கள் சொன்னது: "சிலுவையைச் சுமக்கணும் மக்களே. அதுதான் சாட்சி." அன்பாகத்தான் சொன்னார்கள். சொன்ன பெண்களும் தங்கள் வீட்டில் அதையே சுமந்தவர்கள். பத்து வருடம் போல அவர் சுமந்தார். ஒரு நாள் மகளின் மேலும் கை விழுந்தது. அன்று மகளைக் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். முந்திரி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஓய்வுநாள் பள்ளி வகுப்பு அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. குடும்பத்தை விட்டு வந்தவர் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக இருக்க முடியாதாம்.

சிலுவை என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு வேறில்லை. ரோம அரசு சிலுவையில் அறைந்தது அடிமைகளையும் கலகக்காரர்களையும். அதன் அதிகாரத்துக்கு அடங்காதவர்களுக்கு அது கொடுத்த தண்டனை அது. 'சிலுவையை எடுத்துக்கொண்டு வா' என்றால், நீ எடுக்கும் நிலைப்பாட்டுக்கு உலகம் கொடுக்கப்போகும் விலைக்குத் தயாராக வா என்று அர்த்தம். அடிப்பவனின் கை சிலுவை அல்ல. வீட்டை விட்டு வெளியேறியதற்காக அந்த அக்கா இழந்த வகுப்பும், ஆலய வாசலில் முகம் திருப்பிக்கொண்டவர்களின் மௌனமும்தான் அவர் எடுத்த சிலுவை. மகளைக் காப்பாற்றுவதற்காக, தெரிந்தே, அவர் எடுத்தது.

மூத்தவர்கள் மட்டுமல்ல, சட்டமும் நெடுங்காலம் அதே பாடத்தைத்தான் சொன்னது. 1869-இல் வந்த விவாகரத்துச் சட்டத்தின்படி, மனைவி பிறனோடு உறவு வைத்திருந்தாள் என்ற ஒரு காரணமே கிறிஸ்தவக் கணவன் விவாகரத்துப் பெறப் போதும். கிறிஸ்தவ மனைவிக்கு அது போதாது. கணவனின் பிறன்மனை உறவோடு, அவன் கொடுமைப்படுத்தினான் என்றோ கைவிட்டான் என்றோ சேர்த்து நிரூபிக்கவேண்டும். 2001-இல்தான் அது திருத்தப்பட்டது. அதாவது 132 ஆண்டுகள், ஒரு கிறிஸ்தவப் பெண் விடுதலை கேட்டு நீதிமன்றம் போனால் இரட்டைக் காயத்தைக் காட்டவேண்டியிருந்தது.

மறுப்பதும் சீடத்துவமாகுமா என்று கேட்கலாம். குமரி மாவட்டத்தின் கிறிஸ்தவ வரலாறே அதற்குப் பதில். 'ஊழியம்' என்ற சொல்லுக்குப் பழைய திருவிதாங்கூரில் வேறொரு பொருள் இருந்தது. தாழ்த்திவைக்கப்பட்ட சாதியார் அரசுக்கும் கோயில்களுக்கும் கூலியில்லாமல் செய்தே ஆகவேண்டிய கட்டாய வேலைக்குப் பெயர் ஊழியம். கிறிஸ்தவர்களான எங்கள் முன்னோர் முதலில் கேட்டவற்றுள் ஒன்று, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஊழியத்திலிருந்து விலக்கு. பெண்கள் கேட்டது இன்னொன்று. மேல்சாதியார் முன் மார்பை மூடாமல் நிற்பதே மரியாதை என்றிருந்த ஊரில், அவர்கள் குப்பாயம் அணிந்து சந்தைக்குப் போனார்கள். உடையைக் கிழித்தார்கள், திரும்பவும் அணிந்தார்கள். ஆலயங்கள் எரிக்கப்பட்டன. 1859-இல் அரசர் ஆணை பிறப்பித்து மேலாடை அணிய அனுமதித்தார். அப்போதும்கூட, மேல்சாதிப் பெண்களைப்போல அணியக்கூடாது என்ற நிபந்தனையோடுதான்.

அந்தப் பெண்களின் சீடத்துவம் தொண்டில் தொடங்கவில்லை, மறுப்பில் தொடங்கியது. கட்டாய ஊழியத்திலிருந்து எழுந்து வந்தவர்களுக்குத்தான் விருப்ப ஊழியம் என்ற ஒன்று சாத்தியமாயிற்று. இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பது எனக்கு எப்போதும் உறுத்தலாகவும் எச்சரிக்கையாகவும் இருந்துவந்திருக்கிறது. மறுக்க முடியாத இடத்தில் செய்யப்படுவது திருவிதாங்கூர் ஊழியம். மறுக்க முடிந்த இடத்தில் செய்யப்படுவதே சுவிசேஷ ஊழியம். ஒரு பெண் எந்த ஊழியத்தில் இருக்கிறாள் என்று அறிய, இன்றைக்கு அவள் 'முடியாது' என்று சொன்னால் என்ன நடக்கும் என்று பார்த்தால் போதும்.

இவ்வளவு சொன்னதால் தொண்டே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளவேண்டாம். அதே காலத்து நாகர்கோவிலில், 1820களில், மிஷனரி மனைவியரான மார்த்தா மால்ட் போன்றவர்கள் பள்ளிக்கு வந்த பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1855-இல். அதற்கு முன்பே, அடிமைகளாக இருந்த பெண்களில் சிலர் லேஸ் விற்ற காசைச் சேர்த்துத் தங்களையே விலை கொடுத்து மீட்டுக்கொண்டார்கள். வெள்ளைக்காரக் குடும்பத்து ஒழுங்கையும் அடக்கத்தையும் சேர்த்தேதான் அந்தப் பள்ளிகள் புகட்டின. ஆனாலும் கையில் கொடுத்த அந்த நூல், வாங்கினவளைக் கொடுத்தவளிடம் கட்டிப்போடவில்லை.

ஐடா ஸ்கடர் கதையிலும் எனக்கு முக்கியமாகப்படுவது இதுதான். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் பிரசவ வேதனையிலிருந்த மனைவியருக்காக அவரை அழைத்தார்கள். ஆண் மருத்துவரான அவருடைய தந்தையை அனுமதிக்க மறுத்தார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து 1900-இல் வேலூர் வந்தார். இந்த அளவில் நின்றிருந்தால் அது இரக்கத்தின் கதை. 1918-இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியைத் திறந்தார். தன் கையிலிருந்த கருவியை இந்த ஊர்ப் பெண்களின் கைக்கு மாற்றினார். செய்யப்படுகிறவள் நாளைக்குச் செய்கிறவளாக நிமிர வழியிருந்தால்தான் அது தொண்டு. அவள் என்றைக்கும் கைநீட்டி நிற்க, நாம் என்றைக்கும் கொடுத்து நிற்பது, நம்மை நாமே மெச்சிக்கொள்ளும் ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டை உள்ளே போய்ப் பார்த்து எழுதியவர் பாமா. தன் மக்களின் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று நம்பித்தான் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். அங்கே வசதியான பிள்ளைகளுக்குப் பாடம் நடந்தது. கூட்டுவது, கழுவுவது, கழிவறை சுத்தம் செய்வது தன் சாதியாரின் வேலையாக இருந்தது. அவர் வெளியேறினார். 1992-இல் 'கருக்கு' வந்தது. ஏழ்மை, தாழ்மை, கீழ்ப்படிதல் என்ற வார்த்தைகளைத் தினமும் உச்சரிக்கும் வீட்டில், விரும்பித் தாழ்பவர்களும் தாழ்த்தப்பட்டவர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். முதல் வகையினருக்குப் பெயர் துறவிகள். இரண்டாம் வகையினருக்குப் பெயர் ஆயாக்கள். மடத்திலிருந்து பாமா வெளியேறியதை அழைத்தலை இழந்ததாகச் சிலர் பார்த்தார்கள். அழைத்தலைக் கேட்டதாகவே நான் பார்க்கிறேன்.

பாமாவின் கேள்வி படித்த, வேலைக்குப் போகும் நம்மிடமும் வந்து நிற்கிறது. மார்த்தாள் மரியாள் கதையைப் பெண்ணியவாதிகளும் விரும்புவோம். அடுக்களையை விட்டு வந்து குருவின் காலடியில் உட்கார்ந்து கற்றவள் மரியாள். அந்த நல்ல பங்கு அவளிடமிருந்து எடுக்கப்படாது என்று இயேசுவே சொன்னார். சரி. அன்றைக்குச் சோறு யார் சமைத்தது? நம் வீடுகளில் மரியாள் புத்தகம் படிக்க, காலை ஆறு மணிக்கு இன்னொரு மார்த்தாள் பேருந்து ஏறி வருகிறாள். அவளுக்கும் காலில் வெடிப்பு இருக்கிறது. அவளுக்கும் ஞாயிற்றுக்கிழமை வேண்டும். அடுக்களையிலிருந்து நாம் எழுந்துவந்தது விடுதலை என்றால், நம் இடத்தில் வந்து நிற்பவளின் சம்பளம், விடுப்பு, உட்கார ஒரு நாற்காலி, குடிக்கத் தனி டம்ளர் வைக்காத மனம், இவையெல்லாம் சீடத்துவத்தின் கேள்விகள்தான். 1985-இல் தேசிய வீட்டுப் பணியாளர் இயக்கத்தைத் தொடங்கிய பெல்ஜியக் கன்னியாஸ்திரி ஜீன் டெவோஸ், பாத்திரம் கழுவும் பெண்களுக்குப் பழைய துணியும் கிறிஸ்துமஸ் கேக்கும் கொடுத்துத் திருப்தியடையவில்லை. அவர்களைத் தொழிலாளர்கள் என்று அழைத்தார், சங்கமாகத் திரட்டினார். வீட்டுப் பணியாளர்களின் உரிமைக்கான சர்வதேச உடன்படிக்கை 2011-இல் நிறைவேறியது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. சங்கம் கட்டுவதைக் கால் கழுவுதல் என்று எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. கேட்க ஆசை.

என் மாணவிகள் பலர் கேட்பதுண்டு. "வீட்டில் எல்லாருக்கும் செய்வது எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது மேடம், அது தப்பா?" தப்பில்லை. நோயில் கிடக்கும் அம்மாவின் காலைக் கழுவித் துடைக்கும்போது கைகளுக்குக் கிடைக்கும் அறிவை எந்த இறையியல் நூலும் தராது. அந்த அறிவைப் பெண்கள் மட்டும் வைத்திருப்பதுதான் தப்பு. அவர்களிடம் இரண்டு காரியங்களைச் சொல்வேன். உன் அண்ணனையும் கூட்டிவந்து அந்தத் தண்ணீர்ச் சட்டியைப் பிடிக்கச் சொல். இன்னொன்று, ஒரு நாள் உனக்கு யாராவது கழுவ வந்தால் காலை இழுத்துக்கொள்ளாதே. கடைசி இராவுணவின்போது பேதுரு காலை இழுத்துக்கொண்டான். தனக்கு மேலானவர் தனக்குச் செய்வதை அவனால் தாங்க முடியவில்லை. நம் பெண்களுக்கோ யார் செய்தாலும் தாங்க முடிவதில்லை. காய்ச்சலில் படுத்திருக்கும்போது ஒரு டம்ளர் கஞ்சி யாரோ கொண்டுவந்தால், 'நீ ஏன் சிரமப்படுற' என்று எழுந்து உட்காருகிறோம். பெற்றுக்கொள்ளக் கற்பதும் சீடத்துவத்தின் பாதி. அந்தப் பாதியில் நாம் இன்னும் முதல் வகுப்பிலேயே இருக்கிறோம்.

முந்திரி ஆலைக்குப் போன அந்த அக்கா இப்போது ஓய்வுநாள் பள்ளியில் கதை சொல்வதில்லை. ஆலையில் கூட வேலை செய்யும் பெண்கள் யாராவது அடிபட்டு வந்தால், கூடவே மகளிர் காவல் நிலையத்துக்குப் போகிறார். குடும்ப வன்முறைக்கு எதிரான 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் என்ன கேட்கலாம், பாதுகாப்பு அலுவலர் எங்கே இருப்பார், மனு எழுத யாரைப் பிடிக்கலாம் என்று அவருக்கு மனப்பாடம். ஒரு நாள் கூலி போகிறதே என்றால், "போகட்டும்" என்பார். அவர் செய்வதற்குச் சபை இன்னும் ஒரு பெயரும் வைக்கவில்லை. கிரேக்கத்தில் அதற்குப் பெயர் இருக்கிறது.

யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசு திபேரியாக் கடற்கரையில் நிற்கிறார். சீடர்கள் இரவெல்லாம் வலை வீசிக் களைத்துக் கரைக்கு வருகிறார்கள். அங்கே கரிநெருப்பு மூட்டியிருக்கிறது. அதன்மேல் மீன் வைத்திருக்கிறது, அப்பமும் இருக்கிறது. வந்து சாப்பிடுங்கள் என்று அவர்களை அழைக்கிறார். யார் அடுப்பு மூட்டியது, யார் மீனைச் சுத்தம் செய்தது என்று யோவான் எழுதவில்லை. அந்தக் கரையில் வேறு யாரும் இல்லை.